மாறிவரும் மழையும் கைகொடுக்கும் அயலும்

காலநிலை மாற்றம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் வானொலிச் செய்திகளிலும் கருத்தரங்குகளிலுமே கேட்கின்றோம். பனிமலைகள் உருகுவதும் கடல்மட்டம் உயர்வதும் எங்கோ தொலைவில் நடப்பவை போலத் தோன்றும். ஆனால் ஓர் ஏக்கர் வயலையும் வீட்டைச் சுற்றியுள்ள சிறு தோட்டத்தையும் நம்பிப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கு அது வீட்டு வாசலிலேயே நிற்கின்றது. ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகையில் பெருகி, தைப்பொங்கலுக்கு முன் ஓய வேண்டிய மாரி மழை இப்போது அந்த ஒழுங்கில் வருவதில்லை. ஒரு வருடம் பிந்துகின்றது. மறு வருடம் ஒரு மாதத்து மழை இரண்டு நாட்களில் கொட்டித் தீர்க்கின்றது.

“முந்தி மழை சொல்லிப்போட்டு வரும் பிள்ளை. இப்ப வந்தாப் பிறகுதான் தெரியுது” என்று முல்லைத்தீவு மாவட்டத்தில் சிறுகுளம் ஒன்றின் கீழ் வயல் செய்யும் வயதான அம்மா ஒருவர் என்னிடம் கூறினார். அவர் சொன்னதற்கு அண்மைய வருடங்களே சாட்சி. 2016ஆம், 2017ஆம் ஆண்டுகளில் நிலவிய வரட்சி நாற்பது ஆண்டுகளில் மிகக் கடுமையானது எனக் கூறப்பட்டது. 2017இல் நாட்டின் நெல் உற்பத்தி முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 40 வீதம் குறையும் என ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன. மறு வருடமே, 2018 டிசெம்பரில், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பெருவெள்ளத்தில் மூழ்கின. 2020 டிசெம்பரில் புரேவிப் புயல் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயல் நாடு முழுவதையும் உலுக்கி 600க்கு மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது.

சமூகப் பணியாளராகப் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களைச் சந்திப்பதே எனது அன்றாட வேலை. இவ்வாறான அழிவுகளுக்குப் பின்னர் வீடு வீடாகச் செல்லும்போது ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றேன். ஒரே குளம், ஒரே மண், ஒரே அளவு காணி, ஒரே வெள்ளம். இருந்தும் ஒரு குடும்பம் அடுத்த போகத்திலேயே எழுந்து விடுகின்றது. இன்னொரு குடும்பமோ கடனில் விழுந்து, தோட்டைத் தொலைத்து, வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கூலிக்குப் போகின்றது. இந்த வேறுபாடு கைப்பணத்தால் மட்டும் வருவதில்லை. அந்தக் குடும்பத்துக்குச் செய்தி சொல்ல, விதை கொடுக்க, வரம்பு கட்ட, வாய்க்காலில் முறை விட்டுக்கொடுக்க அயலில் யார் இருக்கின்றார்கள் என்பதையும் பொறுத்தே வருகின்றது. சமூகவியலில் இதனைச் ‘சமூக மூலதனம்’ என்று அழைப்பர். எமது ஊர்களில் இதற்கு அயலட்டை என்று பெயர்.

நீரைப் பங்கிடுதல்

வரண்ட வலயத்தில் குளம் என்பது ஒருவருடைய சொத்தன்று. வரட்சியைத் தாங்கும் ஒழுங்குகளை எமது முன்னோர் குளத்தோடு சேர்த்தே உருவாக்கினர். சிங்கள மக்கள் ‘பெத்ம’ என்று அழைக்கும் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில் எல்லா வயலையும் விதைத்து எல்லாவற்றையும் கருக விடுவதில்லை. குளத்துக்கு அண்மையிலுள்ள வயல்களை மட்டும் தெரிவு செய்து, அந்த ஒரு போகத்துக்கு மட்டும் அவற்றை எல்லாருக்கும் பங்கிடுவர். தூரத்தில் வயல் உள்ளவருக்கும் துண்டு கிடைக்கும். வயலின் சொந்தக்காரர் தனது நிலத்தை அயலவருக்கு ஒரு போகத்துக்கு விட்டுக்கொடுப்பார். எமது வன்னிக் குளங்களின் கீழும் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சிறுபோகப் பரப்பைத் தீர்மானித்துப் பங்கிடும் வழக்கம் உண்டு. இலங்கையின் வரண்ட வலயத் தொடர்குளக் கிராம முறையை உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டமை இங்கு குறிப்பிடத்தக்கது.

இத்தகைய ஒற்றுமை பழைய காலத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தின் கல்லோயாத் திட்டம் இதற்குச் சான்று. 1956இல் இனவன்முறையைக் கண்ட மண் அது. அங்கு இடது கரை வாய்க்காலின் தலைப்பகுதியில் சிங்களக் கமக்காரரும் கடைப்பகுதியில் தமிழ்க் கமக்காரரும் பயிர் செய்தனர். தலைப்பகுதியினர் வேண்டிய அளவு நீரை எடுத்த பின் எஞ்சியதே கடைப்பகுதிக்குப் போயிற்று. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து அங்கு கமக்காரர் குழுக்களை உருவாக்கின. இளம் பட்டதாரிகள் கிராமங்களில் தங்கி, வீடு வீடாகப் பேசி, முதலில் சிறு வாய்க்கால் மட்டத்தில் மக்களை ஒன்றுசேர்த்தனர். மக்கள் தாமே வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். மிச்சம் பிடித்த நீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டனர். சில ஆண்டுகளிலேயே நீர்ப் பயன்பாட்டின் வினைத்திறன் இருமடங்கானது என ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

அந்த ஒற்றுமையின் பெறுமதி 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் தெரிந்தது. நெல்லுக்குப் போதிய நீர் குளத்தில் இல்லை என்று அதிகாரிகள் கூறினர். கமக்காரர் அமைப்புகளோ நீரைக் கவனமாகப் பங்கிட்டு ஏறக்குறைய 65,000 ஏக்கரிலும் பயிர் செய்து, வழமையைவிட நல்ல விளைச்சலையும் பெற்றன. நாட்டில் போர் உக்கிரமாக நடந்த காலம் அது. ஒரே வாய்க்காலில் இருந்த இரு இனத்தவரும் அன்று ஒருவருக்கொருவர் நீர் விட்டுக்கொடுத்தனர். மாறியது மனிதருக்கிடையிலான ஒழுங்கு மட்டுமே.

விதைப்பும் விதைநெல்லும்

மழை தடுமாறும்போது எப்போது விதைப்பது என்பதே பெரிய கேள்வி. முதல் மழையை நம்பிப் புழுதியில் விதைத்தால் இடையில் வெயில் எரித்து விடலாம். காத்திருந்தால் பெருவெள்ளம் முந்தி விடலாம். தனி ஒருவர் எடுக்கும் முடிவு இதில் பயன் தராது. ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விதைத்தால் வாய்க்கால் நீர் நீண்ட நாட்களுக்கு ஓட வேண்டியிருக்கும். கபில நிறத் தத்தி போன்ற பூச்சிகளுக்கு ஒரு வயல் முடிய அடுத்த வயலில் இளம் பயிர் கிடைத்துக்கொண்டே இருக்கும். குளத்தின் கீழ் உள்ள எல்லாரும் ஒரே வாரத்தில், ஒரே வயதுடைய இனத்தை விதைப்பது நீரையும் மிச்சப்படுத்தும், பூச்சியையும் குறைக்கும். மழை பிந்திய வருடத்தில் மூன்றரை மாத நெல்லை விட்டு, இரண்டரை மாதத்தில் விளையும் பீ.ஜீ. 250 போன்ற இனத்துக்கு மாறலாம். ஆனால் அதையும் வட்டையிலுள்ளோர் கூடித் தீர்மானித்தால்தான் பயன் உண்டு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது, பதராகிவிடும். எனவே கடும் வெயில் காலத்தில் கதிர் வராதபடி நாள் பார்த்து விதைப்பதும் ஊர்க் கூட்டத்தில் பேச வேண்டிய விடயமே.

வெள்ளம் வந்தால் வயலோடு வீட்டில் கட்டி வைத்த விதைநெல்லும் போய்விடும். 2018 வெள்ளத்துக்குப் பின்னர் நான் சென்ற ஒரு கிராமத்தில் சில குடும்பங்களுக்கு மேட்டுக் கிராமத்திலிருந்த உறவினர்களும் தெரிந்தவர்களும் விதைநெல் கொடுத்தனர். அறுவடையில் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தருவது என்பதே ஒப்பந்தம். கையெழுத்தும் இல்லை, பிணையும் இல்லை. உள்ளூர் அயல் மட்டும் போதாது என்பதை அங்கு கண்டேன். ஒரே வெள்ளத்தில் மூழ்கியவர்கள் ஒருவருக்கொருவர் விதை கொடுக்க முடியாது. அதற்கு வெள்ளம் தொடாத ஊரிலும் எமக்கு ஒரு சொந்தம் வேண்டும்.

கையும் காதும்

நாற்று நடவு, களை பிடுங்கல், கச்சான் ஆய்தல், வரம்பு கட்டல் போன்ற வேலைகளுக்கு “இன்று உனக்கு, நாளை எனக்கு” என்று மாறிமாறிக் கைகொடுக்கும் வழக்கம் கூலிப் பணத்தை மிச்சப்படுத்துவதோடு நேரத்தையும் காக்கின்றது. நாளை மழை என்று தெரிந்தால் இன்று மாலைக்குள் நெல்லை வெட்டிச் சூட்டை மூடத் தனி ஒருத்தியால் முடியாது. ஆறு பேர் சேர்ந்தால் முடியும்.

செய்தியும் அப்படியே. குளத்தின் வான் கதவு திறக்கப்படுகிறது என்ற அறிவித்தல் இன்று கைத்தொலைபேசிக் குழுக்களில் சில நிமிடங்களில் வந்துவிடும். ஆனால் அந்தத் தொலைபேசி இல்லாத வீடுகளும் உண்டு. கண்பார்வை குறைந்த முதியவர்கள் உண்டு. நான் அறிந்த மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றில் எந்த வீட்டுக்கு யார் ஓடிச்சென்று சொல்வது என்பதை மாரி தொடங்க முன்னரே பிரித்து வைத்துள்ளனர். செலவில்லாத இந்த ஏற்பாடு ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டவும் ஆவணங்களைப் பொலித்தீனில் சுற்றவும் அவகாசம் தருகின்றது.

பணமும் பிணையும்

பிடியரிசிச் சேமிப்பு, சீட்டு, மரண உதவிச் சங்கம், சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் என்பவை எமது பெண்கள் நன்கு அறிந்தவை. தொகை சிறியது. ஆனால் விதைப்புக்கு முந்திய வாரத்தில் கைக்குக் கிடைக்கும் சிறு தொகை, அறுவடைக்குப் பின்னர் கிடைக்கும் பெருந்தொகையிலும் மேலானது.

எனினும் அயலுறவைத் தவறாகக் கட்டினால் அதுவே கழுத்தை இறுக்கும் என்பதையும் நாம் பட்டறிந்துள்ளோம். போருக்குப் பின்னர் எமது கிராமங்களுக்குள் வந்த நுண்கடன் நிறுவனங்கள் பல, பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கு ஒருவரைப் பிணை வைத்தன. வரட்சியால் ஒருத்தி கட்ட முடியாமற் போனபோது மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. ஒன்றாக முகாமில் இருந்தவர்கள், ஒரே கிணற்றில் அள்ளியவர்கள், முகம் பாராமற் போனார்கள். 2018இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்று மூன்று மாதங்களுக்கு மேல் கட்ட முடியாமலிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் அவற்றுள் அடங்கின. வரட்சியும் கடனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருபவை என்பதை அரசே ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பம் அது.

ஆகவே ஒரு குழுவில் சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மழை பொய்த்தால் இக்குழு எனக்குத் தவணை தருமா, அல்லது என் அயலவளை என் வாசலுக்கு அனுப்புமா? பணம் எங்களுடையதாகவும் விதிகள் நாங்களே எழுதியவையாகவும் இருந்தால் தவணை தர முடியும்.

வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

அயலுறவைப் பற்றிப் பேசும்போது அதன் குறைகளை மறைத்தல் ஆகாது. போர் எமது ஊர்களைக் கலைத்துப் போட்டது. மீள்குடியேறியபோது பக்கத்து வளவில் புதியவர்கள் இருந்தனர். வாய்க்காலின் முறையை அறிந்த ஆண்கள் பலர் உயிருடன் இல்லை, அல்லது காணாமலாக்கப்பட்டு விட்டனர். அவர்களின் வயலை இன்று மனைவியோ தாயோ செய்கின்றார். ஆனால் கமக்காரர் அமைப்பின் பதிவில் இன்னமும் அவரது பெயரே இருக்கும். கூட்ட அறிவித்தல் அவரது பெயருக்கே வரும். கூட்டத்துக்குப் போனாலும் பின் வரிசையில் இருந்துவிட்டு வருவதே பல பெண்களின் வழக்கம்.

இதன் விளைவு வயலில் தெரியும். நீர் முறை நள்ளிரவில் விழும். தனியே இருக்கும் பெண், சிறுபிள்ளைகளை விட்டுவிட்டு, பாம்பும் யானையும் உலாவும் வயலுக்கு இரவில் தண்ணீர் கட்டப் போக முடியாது. அவருடைய முறை இன்னொருவர் வயலுக்குப் போகும். “எங்கட தண்ணி எங்கட வயலுக்கு வாறதுக்கு விடியுமட்டும் யாரையும் கெஞ்ச வேண்டிக் கிடக்கு” என்றார் கிளிநொச்சி மாவட்டத்தில் கடைப்பகுதியில் வயல் செய்யும் ஓர் அக்கா. பின்னர் அவரும் அதே வாய்க்காலில் இருந்த வேறு மூன்று பெண்களும் ஒன்றாகக் கூட்டத்துக்குப் போனார்கள். தமது முறையைப் பகலுக்கு மாற்றித் தரும்படி கேட்டார்கள். முதலில் சிரித்தவர்களும் இருந்தனர். ஆனால் நால்வர் சேர்ந்து கேட்டதை எளிதில் தட்டிக்கழிக்க முடியவில்லை. இரண்டாம் கூட்டத்தில் பகல் முறை எழுதப்பட்டது. அந்தப் போகத்தில் அவர்களுடைய நெல் கருகவில்லை.

2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்ணான எலினோர் ஒஸ்ட்ரோம், பல நாடுகளின் நீர்ப்பாசன முறைகளையும் காடுகளையும் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். பொதுவளத்தை மக்கள் தாமே நீண்ட காலம் காக்க முடியும். ஆனால் விதிகளால் பாதிக்கப்படுவோர் அந்த விதிகளை ஆக்குவதிலும் பங்குகொள்ள வேண்டும். பகல் முறை கேட்ட அந்த நான்கு பெண்களும் ஒஸ்ட்ரோமின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் எழுதியதைத்தான் செய்தார்கள்.

பெண்களைப் போலவே காணியற்ற குடும்பங்களும், சாதியின் பேரால் ஒதுக்கப்படுவோரும், பிந்தி வந்து குடியேறியோரும் வட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர். யாரை வெளியே விட்டுவிட்டு ஒற்றுமை பேசுகிறோமோ, அவர்களே அடுத்த வரட்சியில் முதலில் விழுவார்கள்.

அத்துடன், அயலுறவு அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாற்றீடு அன்று. உடைந்த துருசைச் சிரமதானத்தால் கட்ட முடியாது. பயிரழிவுக்கான இழப்பீட்டை அயலவர் தர முடியாது. ஆனால் தனியாகக் கொடுக்கும் கடிதத்தைவிட நாற்பது பேர் கையெழுத்திட்ட கடிதம் கமநல சேவை நிலையத்தில் விரைவில் மேசைக்கு வரும்.

நாம் செய்யக்கூடியவை

1. கமக்காரர் அமைப்பில் உங்கள் பெயரில் அங்கத்துவம் பெறுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழேயே இவ்வமைப்புகள் பதியப்படுகின்றன. கமத்தொழிலை வாழ்வாதாரமாகக் கொண்ட பெண்ணும் கமக்காரரே.

2. காணி உத்தரவுப்பத்திரம் யாருடைய பெயரில் உள்ளது என்று பாருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், வாரிசு பெயரிடப்படாதபோது ஆண்பிள்ளைகளுக்கு இருந்த முன்னுரிமை 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தால் நீக்கப்பட்டது. பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் விசாரித்து, பின்னுரித்தாளரைப் பதியுங்கள்.

3. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தனியே போகாதீர்கள். அதே வாய்க்காலில் உள்ள பெண்களை முதல்நாள் கண்டு, எதைக் கேட்பது என்று பேசிக்கொண்டு செல்லுங்கள்.

4. நாலைந்து வீடுகள் சேர்ந்து விதைநெல்லையும் உழுந்து, பயறு விதைகளையும் மேடான ஒரு வீட்டில் பொதுவாகச் சேமியுங்கள். அயற் கிராமத்து மாதர் சங்கம் ஒன்றோடும் விதைப் பரிமாற்றத்துக்குப் பேசி வையுங்கள்.

5. பயிர் அழிந்தால் உடனே கமநல சேவை நிலையத்துக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். வயல் மூழ்கிய நிலையில் திகதியுடன் படம் எடுத்து வையுங்கள். தொலைபேசி இல்லாத அயலவருக்கும் எடுத்துக் கொடுங்கள்.

6. மாரிக்கு முன் ஒரு மாலைப்பொழுது அயலவர் கூடி, யார் யாருக்குச் செய்தி சொல்வது, முதியவர்களை யார் கூட்டிச் செல்வது என்று தீர்மானியுங்கள்.

போர்க் காலத்தில் பதுங்குகுழியை ஒன்றாக வெட்டியவர்கள் நாம். முகாமில் ஒரு வாளித் தண்ணீரைப் பங்கிட்டவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை எமக்கு எந்தத் திட்டமும் கற்பித்துத் தரவில்லை. இன்று மழை எமது கையில் இல்லை. மழைக்குப் பின் வாய்க்காலில் ஓடும் நீர் யாருடைய வயலுக்கு எப்போது போக வேண்டும் என்பது மனிதர் கூடித் தீர்மானிக்கும் விடயம். அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் திகதியைக் கேட்டறிந்து, உங்கள் அயலவளையும் அழைத்துக்கொண்டு சென்று, முன்வரிசையில் அமருங்கள் சகோதரிகளே.